ஒரு லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு எத்தனை ரோந்துக் கப்பல்கள் போதும்?

காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்தப் பணியாளராக இருக்கும் திருவொற்றியூர்த் தம்பி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டார். ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் மட்டுமே வாழும், இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸுக்கு இந்தியா ஒன்றன்பின் ஒன்றாக ரோந்துக் கப்பல்களை இலவசமாகக் கொடுப்பது ஏன், அந்நாட்டின் கடலோரக் காவல் படை எப்படி வளர்ந்தது, இன்னும் எத்தனை கப்பல்கள் இருந்தால் அவர்களுக்குப் போதும் என்பவை அக்கேள்விகள். "நம் தண்டையார்பேட்டையிலேயே அதைவிடக் கூடுதலான பேர் இருக்கிறார்களே ஐயா" என்றும் சேர்த்துக்கொண்டார். என் பணிக்காலம் கப்பல் பழுதுபார்ப்பில், அதிலும் பெரும்பாலும் என்ஜின் அறைகளில் கழிந்தது. ஆகவே வெளியுறவு அறிஞர்கள் சொல்லும் வரிசையில் அல்லாமல், பழுதுபார்ப்பவன் கண்ணுக்குப் படும் வரிசையில் விடை சொல்கிறேன்.

முதலில் அந்த மக்கள்தொகைக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். ரோந்துக் கப்பல்களின் தேவையைத் தீர்மானிப்பது தரையில் வாழும் மக்களின் எண்ணிக்கை அன்று, காக்க வேண்டிய நீர்ப்பரப்பு. செஷல்ஸின் 115 தீவுகளையும் கூட்டினால் நிலப்பரப்பு 455 சதுர கிலோமீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் 1982-இல் உருவாகி 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் கடல்சட்ட உடன்படிக்கை, ஒவ்வொரு கடற்கரை நாட்டுக்கும் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்வளத்தின் மீதும் கடலடி வளத்தின் மீதும் தனியுரிமை அளிக்கிறது. அந்தத் தீவுகள் ஓரிடத்தில் குவிந்திராமல் இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவு சிதறிக் கிடப்பதால், அந்நாட்டுக்குக் கிடைத்த தனிப்பொருளாதார மண்டலம் ஏறத்தாழ 13.7 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். பத்துத் தமிழ்நாட்டைவிடப் பெரிய நீர்ப்பரப்பை, நம் மாநகராட்சியின் ஒரு மண்டலத்தில் அடங்கிவிடக்கூடிய மக்கள் காக்க வேண்டியிருக்கிறது.

தொலைவை நாட்களாக மாற்றிப் பார்த்தால் இதன் கடுமை இன்னும் தெளிவாகும். தலைநகர் விக்டோரியாவும் அதன் துறைமுகமும் மாஹே தீவில் உள்ளன. உலகப் பாரம்பரியக் களமான, ராட்சத ஆமைகளுக்குப் பெயர்பெற்ற அல்டாப்ரா பவளத்தீவு அங்கிருந்து தென்மேற்கே 1,100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இந்தியா 2021-இல் கொடுத்த ஸோராஸ்டர் என்னும் விரைவு ரோந்துக் கப்பலின் எட்டும் தூரம் சிக்கன வேகத்தில் 1,500 கடல் மைல், அதாவது சுமார் 2,780 கிலோமீட்டர். அல்டாப்ராவுக்குப் போய்த் திரும்புவதிலேயே 2,200 கிலோமீட்டருக்கு மேல் தீர்ந்துவிடும். அங்கே போய்ச் சேர்ந்த கப்பல் நின்று சுற்றிப் பார்ப்பதற்கு மிஞ்சும் எரிபொருள் மிகக் குறைவு. 14 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) போனால் ஒரு வழிக்கே இரண்டு பகல் இரண்டு இரவுக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். முழு வேகமான 34, 35 நாட்டில் அது ஒரு நாளுக்குள் அடங்கும் தொலைவுதான்; ஆனால் அந்த வேகத்தில் போய்ச் சேர்வதற்கே டீசல் போதாமல் போகலாம்.

இந்தப் படை தொடங்கியபோது மீனும் அல்டாப்ராவும் யார் மனத்திலும் முதன்மையாக இருக்கவில்லை. செஷல்ஸ் 1976 ஜூன் 29 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஓராண்டு முடிவதற்குள்ளாகவே, 1977 ஜூன் 5 அன்று, ஃபிரான்ஸ்-ஆல்பர்ட் ரெனே ஆட்சியைக் கைப்பற்றினார். 1981 நவம்பரில் மைக் ஹோர் என்னும் கூலிப்படைத் தலைவர், பீர் குடிப்போர் சங்கத்தின் சுற்றுலா என்று வேடமிட்டுத் தம் ஆட்களுடன் மாஹே விமான நிலையத்தில் வந்திறங்கினார். சுங்கச் சோதனையில் துப்பாக்கி வெளிப்பட்டுச் சண்டை மூண்டதும், அப்போது அங்கே வந்திறங்கிய ஏர் இந்தியா விமானத்தைக் கடத்திக்கொண்டு அவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தப்பினார்கள். விமானத்தில் வந்தவர்களை ரோந்துப் படகால் தடுத்திருக்க முடியாது என்பது வேறு செய்தி. ஆயினும் ஆட்சியைக் காக்க வேண்டும் என்ற அச்சம்தான் 1980-களின் கடற்படைக்கு அடித்தளமாக இருந்தது. பிரான்ஸிலிருந்து வந்த பழைய கலம், சோவியத் ஒன்றியம் கொடுத்த சிறு படகுகள், இத்தாலியில் கட்டப்பட்ட ஆன்ட்ரோமாகி என்று, அன்றைய பனிப்போரில் யார் எதைக் கொடுத்தார்களோ அதுவே கடற்படை ஆயிற்று. டோபாஸ், ஸோராஸ்டர் போன்ற பெயர்களை இன்று இந்தியக் கப்பல்கள் தாங்கி நிற்கின்றன. அவை அந்தக் காலத்துக் கலங்களின் பெயர்களே. கொடுப்பவர் மாறினாலும் பெயர்ப்பலகையை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது கட்டம் 2005-இல் தொடங்குகிறது. இந்தியக் கடற்படைக்காகக் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம் டிரிங்கட் வகுப்பு என்ற பெயரில் நான்கு விரைவு ரோந்துக் கப்பல்களைக் கட்டியது. டிரிங்கட், டில்லாங்சாங், தராசா, தர்முக்ளி என்று நான்குக்கும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் பெயர்கள். ஏறத்தாழ 46 மீட்டர் நீளமும் 260 டன் எடையும் கொண்ட இவை, ஜெர்மானிய எம்.டி.யு. டீசல் என்ஜின்களால் 30 நாட் வேகத்தைத் தொடக்கூடியவை. இந்த நான்கில் மூன்று இன்று வெளிநாட்டுக் கொடியின் கீழ்ப் போய்விட்டன. தர்முக்ளி 2005-இல் செஷல்ஸுக்குப் போய் டோபாஸ் ஆயிற்று; டில்லாங்சாங் 2006-இல் மாலத்தீவுக்குப் போய் ஹுராவீ ஆயிற்று; தராசா 2014-இல் மறுபடியும் செஷல்ஸுக்கே போய்க் கான்ஸ்டன்ட் ஆயிற்று. தர்முக்ளி இந்தியக் கொடியின் கீழ் ஓடியது மிகச் சில ஆண்டுகளே என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டிச் சலித்த கப்பலைத் தள்ளிவிடுவது வேறு, தன் படைக்கே தேவைப்படும் புதிய கப்பலை எடுத்துக் கொடுப்பது வேறு. இந்தியப் பெருங்கடலின் நடுவே சீனாவின் கால் ஊன்றுவதற்கு முன் நம் கால் ஊன்ற வேண்டும் என்ற அவசரம் அதில் இருந்தது. "ஏன் இலவசம்" என்ற கேள்விக்கு அதுதான் சுருக்கமான விடை. விலை பணத்தில் வாங்கப்படவில்லை, நெருக்கத்தில் வாங்கப்படுகிறது.

ஆனால் செஷல்ஸுக்குப் போன டோபாஸின் உண்மையான தேவை என்ன என்பதை உலகம் அறிந்தது சோமாலியக் கடற்கொள்ளையின்போதுதான். ஏடன் வளைகுடாவில் பன்னாட்டுப் போர்க்கப்பல்கள் குவியக் குவிய, கொள்ளையர்கள் தாய்க்கப்பல்களில் சிறு படகுகளை ஏற்றிக்கொண்டு தெற்கேயும் கிழக்கேயும் நகர்ந்தார்கள். 2009-இல் அவர்கள் செஷல்ஸின் கடலுக்குள் வந்துவிட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் இந்தியன் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற செஷல்ஸ் சுற்றுலாக் கலம் பிடிபட்டது. அக்டோபரில், விக்டோரியாவிலிருந்து பாய்மரப் படகில் புறப்பட்ட பால், ரேச்சல் சான்ட்லர் என்னும் பிரிட்டிஷ் தம்பதியர் கடத்தப்பட்டு ஓராண்டுக்கு மேல் பிணைக்கைதிகளாக இருந்தனர். சுற்றுலாவும் சூரை மீனும் மட்டுமே வருமானமாக உள்ள நாட்டுக்கு இது வயிற்றில் அடித்த அடி. ஸ்பானிய, பிரெஞ்சு வலைக்கப்பல்கள் பிடிக்கும் சூரை விக்டோரியாவில்தான் இறங்குகிறது. அங்குள்ள டின் மீன் தொழிற்சாலை அந்நாட்டில் மிகப் பெருமளவில் வேலை தரும் இடங்களில் ஒன்று. கொள்ளையருக்கு அஞ்சி அந்த வலைக்கப்பல்கள் விலகிப் போனால், துறைமுகக் கூலி முதல் அரசின் உரிமக் கட்டணம் வரை எல்லாம் ஒன்றாக அடைபடும்.

அந்த நேரத்தில் பெருங்கடலுக்குள் போய் வரத்தக்க கலமாக அந்நாட்டின் கையில் இருந்தவற்றுள் முதன்மையானது டோபாஸ். 2009 டிசம்பரில் இரவு ரோந்தில் இருந்த டோபாஸ் மீதே கொள்ளையர்கள் சுட்டனர். பிடிபட்ட பதினொரு பேரும் செஷல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, 2010 ஜூலையில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். அதற்கு இடையில், 2010 மார்ச் இறுதியில், கொள்ளையரிடம் சிக்கிய ஓர் ஈரானியக் கலத்தை டோபாஸ் இடைமறித்தது. அதில் 21 ஈரானியர்களோடு, தங்கள் படகை இழந்து பிணைக்கைதிகளாக இருந்த செஷல்ஸ் மீனவர்கள் ஆறு பேரும் இருந்தனர். 27 பேரும் உயிரோடு மீண்டனர். பெரிய நாடுகளின் போர்க்கப்பல்கள் பல சமயங்களில் பிடித்த கொள்ளையர்களை, எந்த நாட்டில் வழக்கு நடத்துவது என்று தெரியாமல் விட்டுவிட்டுப் போன காலம் அது. இந்தச் சிறிய நாடோ பிடிக்கவும் செய்தது, வழக்கு நடத்தவும் செய்தது, பிறர் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைத்தவர்களையும் ஏற்றுக்கொண்டது. என் பார்வையில், செஷல்ஸுக்குப் பிற்காலத்தில் வந்து குவிந்த உதவிகளுக்கெல்லாம் அந்நாடு தேடிக்கொண்ட தகுதி இதுவே. வெறும் புவியமைப்பு மட்டும் காரணம் என்றால் இன்னும் பல தீவுகளுக்கு இதே போல வந்திருக்க வேண்டும்.

வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகம் மாஹேவை ஒட்டிய பெர்செவரன்ஸ் தீவில் காவல் படைக்குத் தளம் அமைத்துக் கொடுத்தது. சில படகுகளையும் தந்தது. சீனா 2011-இல் இரண்டு ஒய்-12 விமானங்களையும், 2014-இல் எத்வால் என்னும் ரோந்துக் கலத்தையும் கொடுத்தது. இந்தியா 2013-இல் கடலைக் கண்காணிக்கும் ஒரு டோர்னியர் விமானம், 2014-இல் கான்ஸ்டன்ட், 2016-இல் ஹெர்மிஸ் என்னும் ரோந்துப் படகு, 2018-இல் இரண்டாவது டோர்னியர், 2021 ஏப்ரலில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாயில் கார்டன் ரீச்சில் புதிதாகக் கட்டிய ஸோராஸ்டர் என்று தொடர்ந்தது. பட்டியலைப் பார்ப்பவருக்குப் படை பெருகிவிட்டதாகத் தோன்றும். எனக்கு அங்கேதான் கவலை தொடங்குகிறது.

ஒரு கொடையாளர் கப்பலைக் கொடுக்கும்போது படம் எடுக்கிறார்கள், கொடி மாற்றுகிறார்கள், பேண்டு வாசிக்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் எரிபொருள் இன்ஜெக்டர் பழுதாகும்போது எவரும் படம் எடுப்பதில்லை. இந்தியக் கப்பலில் ஒரு வகை என்ஜின், சீனக் கலத்தில் வேறு வகை, அமீரகப் படகில் மற்றொன்று, பழைய இத்தாலியக் கலத்தில் இன்னொன்று என்றிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிபாகம், தனிக் கையேடு, தனிப் பயிற்சி, சில வேளைகளில் தனி அளவுக் கருவிகளும் ஸ்பேனர்களும்கூட வேண்டும். ஒரே வகையில் ஆறு கலங்கள் இருந்தால், ஒன்றைக் கழற்றி மற்றொன்றை ஓட்டவாவது முடியும். ஆறும் ஆறு வகையாக இருந்தால் அதற்கும் வழியில்லை. அதிவேக டீசல் என்ஜின்களுக்கு, இத்தனை மணி நேரம் ஓடினால் முழுமையாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்ற விதி உண்டு. அந்த வேலையை விக்டோரியாவில் செய்து முடிக்கத் தேவையான பட்டறையும் ஆட்களும் கிடைப்பது அரிது. ஆகவே கப்பல் கடல் கடந்து போகிறது. மாலத்தீவின் ஹுராவீயும் அப்படித்தான் விசாகப்பட்டினத்துக்கு வந்து மாதக்கணக்கில் கிடந்து பழுது நீங்கித் திரும்பியது. அந்த மாதங்களில் அந்நாட்டின் படையில் ஒரு பெரிய கப்பல் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

நம் காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, என்ஜினைப் பிரித்து, வண்ணம் பூசுகிறார்களே, அதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 61 நாட்களில் வேலையை முடிக்க முடிவது, தச்சரும் மெக்கானிக்கும் உதிரிபாகக் கடையும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால். அதே படகை, மேலே ஏற்றும் வசதியே இல்லாத ஒரு தீவில் வைத்துப் பாருங்கள்; கடலில் ஓடும் நாட்களைவிடக் கட்டிக் கிடக்கும் நாட்கள் கூடிவிடும்.

உலகெங்கும் கடற்படைகளில் ஒரு கணக்கு வழங்குகிறது. எப்போதும் ஒரு கப்பல் கடலில் இருக்க வேண்டுமானால் மூன்று கப்பல்கள் வேண்டும். ஒன்று ரோந்தில், ஒன்று பழுதுபார்ப்பில், ஒன்று பயிற்சியிலும் புறப்பாட்டு ஆயத்தத்திலும். ஆட்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். கப்பலைக் கொடையாகப் பெறலாம். இருபது ஆண்டு அனுபவமுள்ள என்ஜின் அறைத் தலைமைப் பணியாளரைக் கொடையாகப் பெற முடியாது. செஷல்ஸின் முப்படையும் சேர்ந்தே சில நூறு பேர்தான். அதிலிருந்து மாலுமிகளை எடுத்து, இந்தியாவுக்கு அனுப்பிப் பயிற்றுவித்து, திரும்பி வந்தவர்களைத் தனியார் சுற்றுலாப் படகுகளும் சூரைக் கப்பல்களும் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது, புதிய கப்பல் வாங்குவதைவிடக் கடினமான பணி. இந்தியா கப்பலோடு பயிற்சியாளர்களையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் அனுப்பி வருவதன் மதிப்பு, கப்பலின் விலைக்குக் குறைந்ததன்று என்பது என் கருத்து.

வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் செய்தித்தாள்கள் பெருமையோடு எழுதுவது அதைத்தான். கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் என்ஜின் திறன் தோராயமாக எட்டு மடங்காகும். ஒரு கடல் மைலுக்கு எரியும் டீசல் நான்கு மடங்காகும். 35 நாட் என்பது கொள்ளையரையும் கடத்தல்காரரையும் கடைசி நேரத்தில் துரத்துவதற்கு உதவும். ரோந்தின் பெரும்பகுதியோ மெதுவாக ஊர்ந்து, ரேடார் திரையைப் பார்த்துக் கொண்டிருப்பது. ஸோராஸ்டர் போன்ற விரைவு ரோந்துக் கப்பல்களில் புரொப்பெல்லருக்குப் பதிலாக, நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட் பொருத்தும் வழக்கம் உண்டு; அது ஆழமற்ற இடங்களிலும் உயர் வேகத்திலும் நன்றாக உழைக்கும், ஊர்ந்து போகும்போது டீசலை வீணாக்கும். அத்துடன், மே முதல் அக்டோபர் வரை செஷல்ஸில் தென்கிழக்குக் காற்று ஓயாமல் வீசும். அந்த அலையில் 46, 49 மீட்டர் நீளக் கலத்தில் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்குள் சோர்ந்துவிடுவார்கள். சோர்ந்த மாலுமியிடம் கூர்மையான கண்காணிப்பை எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் மொரீஷியஸ் வேறு வழியில் போனது. அந்நாட்டின் கடல் செஷல்ஸின் கடலைவிடவும் பெரிது, ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர். அவர்கள் கார்டன் ரீச் தளத்திடம் 5.85 கோடி டாலர் விலையில் பராகுடா என்னும் 74 மீட்டர் நீள, 1,300 டன் கப்பலைக் கட்டச் சொல்லி வாங்கினார்கள். வேகம் 22 நாட்தான். இந்தியத் தளம் ஒன்று வெளிநாட்டுக்குக் கட்டி விற்ற முதல் போர்க்கப்பல் அது; 2015 மார்ச் 12 அன்று மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் பிரதமர் மோதியின் முன்னிலையில் படையில் சேர்ந்தது. கரையோர வேலைக்கு கோவா தளத்தில் கட்டிய விக்டரி, வேலியன்ட் என்ற இரண்டு விரைவுக் கலங்கள் பின்னர் சேர்ந்தன. தொலைவில் நின்று காவல் காக்க மெதுவான பெரிய கப்பல், அருகில் துரத்த வேகமான சிறிய கப்பல் என்ற இந்தப் பிரிவினை பொருத்தமானது. கொடையாகப் பெறுபவருக்கு இப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை, கிடைத்ததை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே செஷல்ஸுக்கும் மொரீஷியஸுக்கும் இடையில் நான் காணும் முதன்மையான வேறுபாடு.

கப்பலைவிட விமானம் செஷல்ஸுக்கு அதிகம் பயன்பட்டது என்று சொன்னால் காட்டுப்பள்ளித் தளத்தில் உள்ளவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஆயினும் ஒரு டோர்னியர் சில மணி நேரத்தில் பார்த்து முடிக்கும் பரப்பை ஒரு கப்பல் பார்த்து முடிக்கப் பல நாட்கள் ஆகும். விமானம் கண்டறிந்து, கப்பல் நேராக அந்த இடத்துக்குப் போவதுதான் சிக்கனம். 2015 மார்ச்சில் மோதி மாஹேயில் தொடங்கிவைத்த கடலோர ரேடார் கண்காணிப்பு அமைப்பும் இந்த நோக்கத்துக்கானதே. அதே பயணத்தில் அசம்ப்ஷன் தீவில் ஓடுபாதையும் இறங்குதுறையும் அமைக்கவும் உடன்பாடு ஏற்பட்டது. அல்டாப்ராவுக்கு மிக அருகில் உள்ள தீவு அது. நான் முன்பு சொன்ன எரிபொருள் கணக்குக்கு அதைவிட நல்ல தீர்வு இருக்க முடியாது. ஆனால் அந்நியப் படை நம் மண்ணில் வேரூன்றுமோ என்ற அச்சம் அம்மக்களிடையே எழுந்தது. 2018 ஜனவரியில் திருத்திய உடன்பாடு கையெழுத்தான பின்னும் அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. அந்தக் காலத்துக் கூலிப்படையை நினைவில் வைத்திருக்கும் ஒரு தலைமுறை அங்கே இன்னும் இருக்கிறது. கப்பலை வாங்கிக்கொள்வார்கள், தீவைக் கேட்டால் யோசிப்பார்கள்.

இனி, இந்தச் செலவுக்கு அவர்களுக்கு என்ன வரவு என்று பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2020-இல் செய்த ஆறாண்டு மீன்பிடி உடன்பாட்டின்படி மட்டும் ஆண்டுக்கு 53 லட்சம் யூரோ தர ஒப்புக்கொள்ளப்பட்டது. கப்பல் உரிமையாளர்கள் கட்டும் உரிமத் தொகை அதற்கு மேல். உரிமம் இல்லாமல் பிடிப்பவரைப் பிடிக்கத் தெரியாத நாட்டுக்கு, உரிமத்துக்கு விலை கூறும் தகுதி இல்லை. 2020-இல் தன் கடலில் 30 விழுக்காட்டைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்ததும் அப்படித்தான். அறிவிப்பு வெளியிடுவது ஒரு நாள் வேலை, அந்த எல்லைக்குள் வலை விழாமல் பார்த்துக்கொள்வது ஆண்டு முழுதும் டீசல் செலவாகும் வேலை. ஈரான், பாகிஸ்தான் கடற்கரையிலிருந்து கலங்களில் வரும் ஹெராயினும் அந்தச் சிறிய சமூகத்தைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறது. அதையும் இதே கப்பல்கள்தான் தடுக்க வேண்டும்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் மறைக்கக் கூடாது. காசிமேட்டுப் படகுகள் அவ்வளவு தொலைவு போவது வழக்கமில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் மீனவர்கள் சுறாவையும் சூரையையும் தேடி அரபிக்கடலைக் கடந்து போகிறவர்கள். அவர்களில் சிலர் செஷல்ஸ் காவல் படையிடம் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். பிடித்த கப்பல் இந்தியாவில் கட்டப்பட்டதாகவும் இருக்கலாம். அதைக் கேட்டு ஆத்திரப்படுவோர் உண்டு. கடல் எல்லை திரையில் தெரியும் கருவியும், கரையோடு பேசும் செயற்கைக்கோள் தொலைபேசியும் எல்லாப் படகுகளிலும் இருந்தால் இந்தத் துன்பத்தின் பெரும்பகுதி குறையும் என்பதே என் எண்ணம். தன் மீனைக் காக்கும் நாட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே "எத்தனை போதும்" என்ற கேள்விக்கு என் விடை இது. பராகுடாவின் அளவில், 70 மீட்டரை ஒட்டிய நீளத்தில், 20 நாட்டுக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில், ஒரே வகை என்ஜினோடு இரண்டு கப்பல்கள். இப்போதுள்ள விரைவுக் கலங்களில் நல்ல நிலையில் உள்ள மூன்று. எப்போதும் ஒன்றாவது பறக்கும் நிலையில் இருக்கும் இரண்டு டோர்னியர்கள். இதற்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆள் போதாது. இதிலேயே, வகைகளைக் குறைக்காமல் விட்டால் உதிரிபாகம் போதாது. காட்டுப்பள்ளித் தளத்தில் 2015 ஒப்பந்தத்தின்படி கட்டிய விக்ரம் வகுப்புக் கப்பல்கள் ஏழும் நம் கடலோரக் காவல் படைக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் 98 மீட்டர் நீளமும் நூறு பேர் அளவில் பணியாளரும் கொண்ட அப்படி ஒரு கப்பலை செஷல்ஸுக்குக் கொடுத்தால், அந்நாட்டுக் காவல் படையில் பெரும்பகுதி அந்த ஒரு கப்பலிலேயே ஏறிவிட வேண்டியிருக்கும். கட்டிக் கொடுக்க விரும்பினால், 2022-இல் வியட்நாமுக்கு ஒப்படைத்த பன்னிரண்டு அதிவேகக் காவல் படகுகளில் செய்ததுபோல, சிலவற்றை இங்கே கட்டி, மற்றவற்றை அந்நாட்டிலேயே கட்டக் கற்றுக்கொடுக்கும் முறை நல்லதுதான். ஆனால் அதற்குத் தேவையான கப்பல் கட்டும் தளம் வியட்நாமில் உண்டு, செஷல்ஸில் இல்லை.

காட்டுப்பள்ளிக்குப் பொருத்தமான பணி பழுதுபார்ப்பு என்று நினைக்கிறேன். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்னும் கப்பல் பழுதுபார்ப்புக்காக அங்கேதான் வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. செஷல்ஸ் கப்பலுக்கு ஆண்டின் எந்தப் பகுதியை ஒதுக்குவது என்பதில்தான் திட்டமிடல் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பதால், கொள்ளையரின் சிறு படகுகள் வெளியே வருவது குறைவு. அப்போது ஒரு கப்பல் இல்லாதிருப்பதை அவர்களால் தாங்கிக்கொள்ள முடியும். நமக்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கொந்தளிப்பிலேயே 49 மீட்டர் கலத்தை ஓட்டி வரச் சொல்லக் கூடாது. ஏப்ரலில் விக்டோரியாவிலிருந்து புறப்பட வேண்டும். 1,500 கடல் மைல் எட்டும் கப்பலால் சென்னை வரை ஒரே ஓட்டத்தில் வர முடியாது என்பதால் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் டீசல் நிரப்பி, இலங்கையைத் தெற்கே சுற்றி எண்ணூர்க் கரைக்கு வர வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில், இங்கே மழையும் புயலும் தொடங்குவதற்குள், அதே வழியில் திரும்பிவிட வேண்டும். உதிரிபாகப் பட்டியல் அதற்கு முந்தைய நவம்பரிலேயே தளத்தின் கையில் இருந்தால்தான் இந்தக் காலக்கணக்கு நடக்கும்.